கேள்வி எதுவும் கேட்கப்படாது

விற்க வந்தவனிடம் ஏன் விற்கிறாய் என்று கேட்கக் கூடாது. வெண்டல் ஹக்கின்ஸ் முப்பது வருஷமாகக் கட்டிக் காத்துவரும் தொழில் தர்மம் அது. கேட்டால் கதை வரும். கதையின் வாலைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரும். கண்ணைத் துடைத்துக்கொள்கிறவனிடம் அடிமாட்டு விலை கேட்க, வியாபாரியே ஆனாலும், கொஞ்சம் நாக்குக் கூசத்தான் செய்யும். அதனால் வெண்டல் வாயைத் திறப்பது விலை சொல்ல மட்டுந்தான். மற்றதையெல்லாம் கண் பார்த்துக்கொள்ளும். வருகிறவன் துப்பாக்கியை மேஜைமேல் வைக்கிறானா, போடுகிறானா, வைத்த பிறகு ஒரு தரம் திரும்பிப் பார்க்கிறானா என்று கவனித்தால் போதும், அவன் எந்த விலையில் வந்து நிற்பான் என்று சொல்லிவிடுவார். 'வெண்டலோடு சீட்டாடாதே, வெண்டலிடம் துப்பாக்கி விற்காதே' என்று டன்மோர் ஃபெர்ரியில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே வெண்டல்தான் என்று இன்னொரு பேச்சும் உண்டு.

அந்த அக்டோபர் சனிக்கிழமை காலையில் அவர் தன் துப்பாக்கிக் கடையில் இல்லை. மவுண்ட் ஜோர்தான் தேவாலயத்தின் கார் நிறுத்தத்துக்கு வெளியே, நடைபாதையில் நின்றிருந்தார். உள்ளே போலீஸ்காரர்கள் மேஜை போட்டு உட்கார்ந்து, ஊர்ஜனங்கள் வேண்டாம் என்று கொண்டுவந்து கொடுக்கும் துப்பாக்கிகளை வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்றுக்கு நூறு டாலர் மளிகைக் கூப்பன். வாங்கியதெல்லாம் உருக்காலைக்குப் போகும். வாசலில் கட்டியிருந்த பதாகையில் கொட்டை எழுத்தில், 'கேள்வி எதுவும் கேட்கப்படாது' என்று போட்டிருந்தது. வெண்டலுக்கு அந்த வரி மிகவும் பிடித்துப்போயிற்று.

"என் கடை வாசகத்தைத் திருடிட்டானுங்க," என்றார் பக்கத்தில் நின்ற டிக்கி ப்ளாங்கிடம்.

டிக்கியும் அதே வியாபாரிதான். கொஞ்சம் சின்ன வியாபாரி, ஆகவே கொஞ்சம் சின்ன அட்டை. இருவர் அட்டையிலும் ஏறக்குறைய ஒரே சங்கதி: 'கூப்பனைவிட அதிகம் தருவேன். ரொக்கம்.' வெண்டல் தன் அட்டையில் கூடுதலாக, 'உருக்கவும் மாட்டேன்' என்று எழுதியிருந்தார். போலீசுக்குத் துருப்பிடித்த குழாயும் ஒன்றுதான், கொள்ளுத்தாத்தா காலத்து வேலைப்பாடுள்ள ரைஃபிளும் ஒன்றுதான். இரண்டுக்கும் அதே நூறு. இப்படி ஒரு இடுக்கு இருந்தால் அதில் மூக்கை நுழைக்காதவன் என்ன வியாபாரி?

வரிசை நடைபாதையை ஒட்டியே நகர்ந்தது. தலையணை உறையில், பீட்சா டப்பாவில், கிட்டார் பெட்டியில், ஒருத்தர் குழந்தையின் தள்ளுவண்டியிலேயே என்று ஆளுக்கொரு விதமாகக் கொண்டுவந்தார்கள். பழைய ஜன்னல் திரையில் இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றைச் சுற்றிக்கொண்டு வந்த கிழவரை வெண்டல் மடக்கினார். கிழவர் திரையை விலக்கிக் காட்டும்போது அடிக்கட்டையை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். தடவுகிறவனிடம் விலையைவிடக் கௌரவம் எடுபடும்.

"இதையா சார் உருக்கப் போறாங்க? இதைக் கொண்டுபோய் உலையில போடுறதும் ஒண்ணு, சர்ச் மணியை உடைச்சு ஆணி பண்றதும் ஒண்ணு. என்கிட்ட குடுங்க. நல்ல வேட்டைக்காரன் கையிலதான் போகும்."

கிழவர் முகம் மலர்ந்தது. டிக்கி வாயைத் திறப்பதற்குள் பணம் கைமாறிவிட்டது.

"உனக்கு வெக்கமே கிடையாதா?" என்றான் டிக்கி.

"இருந்துச்சு. நல்ல விலை வந்துச்சு, வித்துட்டேன்."

வாசலில் காப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த பாஸ்டர் ஓடெல் மேரிவெதர் சிரித்துவிட்டு, கோப்பையோடு மஞ்சள் கோடு வரை வந்து நின்றார். அந்தக் கோட்டுக்கு உள்ளே தேவாலயத்து இடம், வெளியே முனிசிபாலிட்டி. காலையில் வந்ததும் இருவரும் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. வெண்டல் கோட்டைத் தாண்டக் கூடாது. பாஸ்டர் கோட்டுக்கு வெளியே பிரசங்கம் பண்ணக் கூடாது.

"வெண்டல், ஆலயத்துல வியாபாரம் பண்ணினவங்களை ஆண்டவர் சாட்டையால அடிச்சு விரட்டினாரு. ஞாபகம் இருக்கா?"

"அதுக்குத்தானே பாஸ்டர் நடைபாதையில நிக்கிறேன்."

"இடுப்புல அது எதுக்கு? துப்பாக்கியை ஒப்படைக்கிற இடத்துக்குத் துப்பாக்கியோட வந்திருக்கியே."

வெண்டல் குனிந்து பார்த்தார். வலது இடுப்பில், பெல்ட்டில் கோத்த தோல் உறையில், அவருடைய கைத்துப்பாக்கி இருந்தது. எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால் மாட்டுவது, படுக்கும்போது கழற்றுவது. கல்யாண மோதிரம் மாதிரி. போட்டிருப்பது தெரியாது, இல்லாவிட்டால்தான் தெரியும்.

"இது என் உரிமை பாஸ்டர். அரசியல் சாசனம், ரெண்டாவது திருத்தம். அதுவும் போக, இந்த பெல்ட்டு இல்லேன்னா என் வயித்துக்கு பேன்ட்டு நிக்காது. உங்க சர்ச்சு அம்மாமாருங்க அந்தக் காட்சியைப் பாக்கணும்னா சொல்லுங்க, கழட்டிடறேன்."

வரிசையில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். பாஸ்டரும் சிரித்தார், ஆனால் சிரிப்பு சீக்கிரம் வடிந்துவிட்டது.

"உன் உரிமையை நான் கேக்கலப்பா. போன பிப்ரவரியில பத்தொம்பது வயசுப் பொண்ணு ஒருத்தியை அடக்கம் பண்ணினேன். அவ அண்ணன் மேஜை டிராயர்லதான் இருந்துச்சு அந்தத் துப்பாக்கி."

"பூட்டி வெக்காதது அண்ணன் தப்பு. இரும்பு என்ன பண்ணும்? கார் ஏறிச் செத்தா காரையா ஜெயில்ல போடறீங்க?"

"காரை யாரும் தலையணைக்கு அடியில வெச்சுக்கிட்டுத் தூங்கறதில்லையே."

"உங்க வாய்க்கு நான் நல்ல விலை குடுப்பேன் பாஸ்டர். விக்கிறதா இருந்தா முதல்ல என்கிட்ட சொல்லுங்க."

சொல்லிவிட்டு வெண்டல் கிழவரின் துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு சாலையைக் கடந்தார். எதிர்ப்பக்கத்தில் மூடிக் கிடந்த சலவைக் கடை வாசலில் அவருடைய வெள்ளை வேன் நின்றது. பின்கதவைத் தட்டினார். மகன் கோல்பி திறந்தான்.

கோல்பிக்கு இருபத்தொன்பது வயது. டயர் ஆலை மூடியபோது வேலை போயிற்று. வேலை போன பின்னே மனைவியும் போனாள். ஜூனில் ஒரே ஒரு பெட்டியோடு பெற்றோர் வீட்டுக்கு வந்து, தன் பழைய அறையில் சுவரைப் பார்த்துப் படுத்தவன், அவசியத்துக்கு மேல் எழுந்திருக்கவில்லை. நாலு வார்த்தை கேட்டால் அரை வார்த்தை பதில் வரும். அப்பேர்ப்பட்டவன் அன்று காலை ஷூ மாட்டிக்கொண்டு மாடிப்படியில் இறங்கி வந்து, "நானும் வரேம்பா," என்றான். வெண்டலுக்குத் தலைகால் புரியவில்லை. வழியில் நிறுத்தி டோனட் ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தார், ஐந்து வயதுப் பிள்ளைக்கு வாங்குவதுபோல. வாங்கிவரும் துப்பாக்கிகளைத் திறந்து பார்த்து, தோட்டா இருந்தால் எடுத்துவிட்டு, போர்வையில் சுற்றி அடுக்குகிற வேலையைக் கொடுத்தார். சாவிக்கொத்தையே தூக்கிக் கொடுத்தார்.

"தோட்டாப் பெட்டிச் சாவியும் இதுலதானா?" என்று கோல்பி கேட்டான்.

"எல்லாம் அதுலதான். நாளைக்குக் கடையே உன்னுதுதானடா."

இப்போது கோல்பி கிழவரின் துப்பாக்கியை வாங்கிக்கொண்டான். அதைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தான். முகத்தைக்கூட இல்லை, அதற்குக் கொஞ்சம் கீழே, எங்கேயோ. வெண்டல் கவனிக்கவில்லை. அவருடைய கண் விற்கிறவர்கள்மேல் இருக்கிற கண். வீட்டு மனுஷர்களிடம் அது விடுமுறையில் இருக்கும்.

"கை பழகுதா?" என்றார்.

"ம்."

"அம்மா எழுந்துக்கறதுக்கு முன்னாடியே வந்துட்டோம். மத்தியானம் போயி, நீ வேலை பாத்தேன்னு சொன்னா மயக்கம் போட்டு விழுவா பாரு."

"ம்," என்று கோல்பி கதவைச் சாத்திக்கொண்டான்.

வெண்டல் திரும்பி வந்தபோது வரிசையில் தன் மனைவி நிற்பதைப் பார்த்தார்.

முதலில் சந்தோஷம்தான் வந்தது. லொரீன் கையில் அவளுடைய கேசரோல் பை இருந்தது. பஞ்சு வைத்துத் தைத்த, பூப்போட்ட, இரண்டு கைப்பிடி உள்ள பை. ஊரில் எந்தத் தேவாலயத்தில் எது நடந்தாலும், கல்யாணமோ கருமாதியோ, பாலாடைக்கட்டியும் நூடுல்ஸும் கோழியுமாக அடுப்பில் வேகவைத்த கண்ணாடிப் பாத்திரம் அந்தப் பைக்குள் உட்கார்ந்துகொண்டு வந்து சேரும். பாஸ்டரும் அப்படித்தான் நினைத்தார்.

"வாங்க லொரீன். சாப்பாட்டு மேஜை அந்தப் பக்கம். நீங்க எதுக்கு வரிசையில நிக்கிறீங்க?"

"இது சாப்பாடு இல்ல பாஸ்டர்," என்றாள்.

"லொரீன் சமையலுக்கு நூத்தம்பது!" என்று டிக்கி அட்டையை ஆட்டினான். "ரொக்கம்! வெண்டல், இதுக்கு மேல ஏத்தறியா?"

லொரீன் யாரையும் பார்க்கவில்லை. பையின் ஜிப்பைத் திறந்து மூடியை எடுத்தாள். கண்ணாடிப் பாத்திரத்தில், மடித்த அடுக்களைத் துண்டின்மேல், தந்தப் பிடி போட்ட ரிவால்வர் ஒன்று படுத்திருந்தது. டிக்கியின் அட்டை பாதியில் நின்றது. அந்தப் பிடியை ஊரில் துப்பாக்கி தெரிந்த எவனுக்கும் தெரியும். வெண்டலின் தாத்தாவுடையது. வருஷா வருஷம் ஜூலை நாலாம் தேதி கடைக் கண்ணாடிக்குள் வைத்து, எத்தனையோ பேர் எத்தனையோ விலைக்குக் கேட்டும், 'விற்பனைக்கு அல்ல' என்ற ஒரே பொருளாக இருந்தது அது.

வெண்டல் மஞ்சள் கோட்டுக்கு இப்பால். லொரீன் அப்பால். நடுவே ஒரு கை அகலம்.

"லோரி," என்றார் தணிந்த குரலில். "அது எங்க தாத்தாவோடது."

"தெரியும். முப்பத்தஞ்சு வருஷமா அதைத் துடைச்ச எண்ணெய்த் துணியை யாரு துவைச்சா?"

"ஜனங்க பாக்கறாங்க."

"பாக்கட்டும். நீ தினம் வித்துக்கிட்டே இருக்கே, ஒருநாள் நான் குடுக்கிறேன்."

வெண்டலுக்குக் காது சுட்டது. அவமானம் வந்தால் அவர் கைக்குக் கிடைக்கிற ஆயுதம் ஒன்றே ஒன்றுதான். பேரம்.

"சரி. என்ன வேணும் உனக்கு? உன் தங்கச்சி வீட்டுக்கு ஃப்ளோரிடா போகணும்னியே, போயிட்டு வா. நானே டிக்கெட் எடுத்துத் தரேன். அந்தப் பையை மூடு முதல்ல."

"விலை பேசாதே வெண்டல்."

"பின்ன என்ன பேசறது?"

"ஏன்னு கேளு."

'ஏன்' என்பது வெண்டலின் வாயில் முப்பது வருஷமாகத் துரு ஏறிப்போன சொல்.  கோடைகாலம் முழுக்க லொரீன் அவரிடம் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பையன் சாப்பிடுவதில்லை என்றாள். 'வெயிலுக்கு எனக்குந்தான் பசிக்கல,' என்றார். பையன் ராத்திரியெல்லாம் நடக்கிறான் என்றாள். 'கால் நல்லாயிருக்குன்னு சந்தோஷப்படு.' டாக்டரிடம் கூட்டிப்போகலாம் என்றாள். 'ரெண்டு வாரம் பொறு.' அவள் பயத்துக்குப் பத்து விலை சொன்னால் இவர் மூன்றில் முடித்துவிடுவார். ஒவ்வொரு பேரத்திலும் ஜெயித்துவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்தித் தூங்கினார்.

"ஏன்?" என்றார் கடைசியில்.

"கோல்பியோட தலையணைக்கு அடியில இருந்துச்சு. நேத்து விரிப்பு மாத்தறப்போ பாத்து எடுத்தேன்."

பாஸ்டர் கையிலிருந்த காப்பிக் கோப்பை சாய்ந்து ஒழுகியது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"அது... திருடன் பயம் இருக்கும் லோரி. போன மாசம் நம்ம தெருவில..."

"திருடனுக்காக வெச்சிருக்கிறவன் எத்தனை தோட்டா போடுவான்? நீதானே கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் சொல்லுவே, ஆறும் போடு, திருடன் எத்தனை பேரு வருவான்னு தெரியாதுன்னு." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அதுல ஒண்ணுதான் போட்டிருந்துச்சு வெண்டல்."

இதைக் குறைக்க முடியவில்லை. ஒன்று என்கிற எண்ணை எந்த வியாபாரியும் அதற்குக் கீழே இறக்கியதில்லை.  

"உன்கிட்ட சொன்னா பூட்டி வெச்சிட்டு, சரியாயிடும்னுவே. அதான் உருக்கறவங்ககிட்ட கொண்டுவந்தேன்," என்றாள் லொரீன். "வீட்ல இருந்த மத்ததையெல்லாம் நேத்தே என் அண்ணன் வண்டியில ஏத்தி அனுப்பிட்டேன். இது ஒண்ணுதான் பாக்கி. அவன் ரூம் கதவு சாத்தியிருந்துச்சு. தூங்கறான், நல்லா தூங்கட்டும்னு எழுப்பாம வந்தேன். இதைக் குடுத்துட்டுப் போயி, நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகப்போறேன். நீ வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

"லோரி. அவன் வீட்ல இல்ல."

"என்ன?"

"என்கூட வந்திருக்கான். காலையில அவனே வரேன்னான்."

"எங்க?"

வெண்டல் கையை நீட்டிக் காட்டினார். வெள்ளை வேன். சாத்திய பின்கதவு. வரிசையில் நின்ற அத்தனை தலையும் திரும்பியது. காலையிலிருந்து ஒவ்வொன்றாக அந்த வேனுக்குள் போனதை அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள். தடவிக் கொடுத்த கிழவர் தன் கையையே பார்த்துக்கொண்டார்.

"வேன்ல என்ன இருக்கு?" என்று கேட்டாள் லொரீன். பதில் தெரிந்துதான் கேட்டாள்.

வெண்டல் ஓடினார். அறுபத்தோரு வயதும், அந்த வயிறும், டோனட்டும் சேர்ந்து ஓடின. ஒரு லாரி சக்கரத்தைத் தேய்த்து நின்று வசை பொழிந்தது. அவர் காதில் அது விழவில்லை. ஒரு சத்தம் வரப்போகிறது, இதோ வரப்போகிறது என்று காது முழுக்க அந்த ஒரு சத்தத்துக்கே காலியாகக் கிடந்தது. தன் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் தரம் கேட்டு ரசித்த சத்தம்! நல்ல துப்பாக்கியைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன் என்று பீற்றிய சத்தம்.

பின்கதவில் இரண்டு கையாலும் அறைந்தார்.

"கோல்பி! கோல்பி!"

உள்ளே உலோகம் எதன்மீதோ உரசியது. அப்புறம், "பூட்டல," என்றது மகன் குரல்.

இழுத்துத் திறந்தார்.

கோல்பி போர்வைமேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றிக் குழல்கள், அடிக்கட்டைகள், விசைகள். ஒரு துப்பாக்கிகூடத் துப்பாக்கியாக இல்லை. கிழவரின் இரட்டைக் குழல் மூன்று துண்டாகக் கிடந்தது. டோனட் டப்பா நிறைய ஸ்க்ரூவும் ஸ்பிரிங்கும் ஊசியும் குவித்து வைத்திருந்தான், சர்க்கரைத் தூளோடு சேர்த்து.

"எல்லாத்தையும் கழட்டிட்டேம்பா. எது எதோடதுன்னு இனிமே எனக்கே தெரியாது."

"ஏன்டா?" என்றார் வெண்டல். மூச்சு வாங்கியது.

"முழுசா இருந்தா பாத்துக்கிட்டே இருக்கேன். கழட்டிட்டா வெறும் ஸ்க்ரூ."

வெண்டலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகைதான் அது, வழி தெரியாமல் சிரிப்பின் கதவைத் தட்டிவிட்டது. "காலையில வாங்கின சரக்கு மொத்தமும் நாசம்! டிக்கி பாத்தான்னா ஊரெல்லாம் தண்டோரா போடுவான்," என்றார். வேனுக்குள் ஏறி முழங்காலிட்டு மகனை இழுத்து அணைத்துக்கொண்டார். கடைசியாக எப்போது அணைத்தார் என்று நினைவில்லை. கோல்பியின் கைகள் முதலில் தொங்கின. பிறகு மெல்ல எழுந்து அப்பாவின் இடுப்பைச் சுற்றிக்கொண்டன. முடிந்தது என்று வெண்டல் கண்ணை மூடினார். பிழைத்தோம்.

"வெண்டல்! உன் இடுப்பு!"

கதவருகே லொரீன், பாத்திரத்தை நெஞ்சோடு பிடித்தபடி. அவள் அலறியது முதலில் அவருக்கு விளங்கவில்லை. இடுப்புக்கு என்ன? சட்டை கிழிந்துவிட்டதா? குனிந்து பார்த்தார்.

கோல்பியின் இடது கை தோல் உறையின்மேல் இருந்தது. பிடிக்கவில்லை. உருவவில்லை. பழகிய நாயின் தலையில் வைப்பதுபோல வைத்திருந்தான்.

"தெரியும்மா," என்றான் கோல்பி, தோளில் சாய்த்த தலையை எடுக்காமலே. "காலையிலேர்ந்து அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். இது ஒண்ணுதான் பாக்கி. அப்பா இடுப்புல இருக்கறதை நான் எப்படிக் கழட்டறது?"

 காலையில் முட்டை தின்றபோது இது மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்தது. வேனில் இவர் ஓட்ட, மகன் வலப்புறத்து இருக்கையில், வலது இடுப்பு, அவன் கைக்கு ஒரு சாண் தூரம். ஊரைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, டோனட் கடை வரை அந்த ஒரு சாண். வழியெல்லாம் இவர் கால்பந்துக் கதை சொல்லிக்கொண்டு வந்தார். வீட்டு அலமாரியை லொரீன் காலி செய்துவிட்டாள், வேனில் இருந்ததையெல்லாம் பிள்ளையே பிரித்துவிட்டான். மிச்சமிருந்த ஒன்றைத் தன் உடம்பிலேயே கட்டிக்கொண்டு, அவனை மார்போடு அணைத்துக்கொண்டிருக்கிறவர் அவர்தான். கனமே தெரியவில்லையே!

"கோல்பி," என்றார். "கையை எடுத்துக்கறியா?"

கை அசையவில்லை.

விலை சொன்ன பிறகு முதலில் பேசுகிறவன் தோற்றான் என்பது இன்னொரு தொழில் தர்மம். வெண்டல் முதலிலும் பேசினார், அடுத்தும் பேசினார். "என்ன வேணும்னாலும் சொல்லுடா. என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்பா."

அவருக்கு உயிர் போயிற்று. ஒன்றும் வேண்டாதவனிடம் என்ன பேரம் பேசுவது? அப்படி ஒருவனை அவர் சந்தையில் பார்த்ததே கிடையாது.

"ஏன்?" என்றார். இந்தத் தடவை கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்.  எதிர்ப்பக்கத்திலிருந்து ஓடிவந்த போலீஸ் சார்ஜென்ட் ரோண்டா பெல், கதவுக்குப் பக்கவாட்டில் கையை அகல விரித்தபடி நின்றாள், யாரும் நெருங்காதபடி.

"சொன்னா நீ கொறைச்சிடுவே," என்றான் கோல்பி. "அம்மா சொன்னதையெல்லாம் கொறைச்ச மாதிரி. மாடியிலேர்ந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ரெண்டு வாரத்துல சரியாயிடும்னே. ரெண்டு வாரம் எண்ணிப் பாத்தேன். ஆவல. எனக்குத்தான் ஏதோ கோளாறுன்னு நினைச்சேன்."

வெண்டலின் நாக்கு நுனியில் வழக்கமான சரக்கெல்லாம் வரிசை கட்டி நின்றது. 'அப்படியெல்லாம் இல்லடா', 'நாளைக்கே வேலை கிடைக்கும்', 'எனக்கும் உன் வயசுல...' எல்லாவற்றையும் விழுங்கினார். 

"கொறைக்க மாட்டேன்," என்றார். "நீ சொன்ன விலைதான்டா."

சாலையில் ஒரு கார் போயிற்று. கோல்பி மூக்கை உறிஞ்சினான். அவன் கை தோல் உறையை விட்டு விலகி, அப்பாவின் சட்டைமேல் ஏறி, துணியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டது.

வெண்டல் ஒரு கையால் மகனைப் பிடித்தபடியே மறுகையால் கொக்கியைத் தேடினார். முப்பது வருஷமாகத் தினம் கழற்றுகிற கொக்கி. ஒற்றைக் கைக்கு அகப்படவில்லை. லொரீன்தான் குனிந்து கழற்றினாள். உறை பெல்ட்டில் கோத்தது, தனியாக வராது. பெல்ட்டை முழுசாக உருவினாள். பாம்பைப் பிடித்ததுபோல் தள்ளிப் பிடித்து, கண்ணாடிப் பாத்திரத்தில் தாத்தாவின் ரிவால்வர்மேலேயே போட்டு மூடினாள். சார்ஜென்ட் பையை வாங்கிக்கொண்டாள்.

"இதுக்கு ரெண்டு கூப்பன்..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தவள், வெட்கப்பட்டு நிறுத்தினாள். "என் வண்டியில வாங்க. ஆஸ்பத்திரிக்கு நானே ஓட்டறேன். உள்ளே கூடவே உக்காந்துக்கங்க, அவரைத் தனியா விட வேணாம்."

அவளுடைய வண்டி தேவாலயத்துக்குள், மேஜைகளுக்குப் பின்னால் நின்றது. மூவரும் இறங்கிச் சாலையைக் கடந்தார்கள். வெண்டலின் வலக்கை மகனின் முழங்கைக்கு மேலே இறுகியிருந்தது. இடக்கை பேன்ட்டைப் பிடித்திருந்தது. நடைபாதையில் டிக்கி நின்றான். அவன் அட்டை தலைகீழாகத் தொங்கியது. 

மஞ்சள் கோடு வந்தது. வெண்டல் தாண்டினார். பாஸ்டர் வழிவிட்டு ஒதுங்கினார். தலையணையைப் பற்றித் தான் சொன்னது அவர் முகத்தில் அறைந்துகொண்டிருந்தது. இப்படி ஆளை அடித்து வாதத்தில் ஜெயிக்க அவர் விரும்பியதில்லை. வெண்டலும் தோற்றுவிடவில்லை, உரிமையைப் பற்றி அவரிடம் இன்னும் ஒரு வண்டிப் பேச்சு இருந்தது, அதெல்லாம் இன்னொரு சனிக்கிழமைக்கு ஆகும். இன்றைக்கு அவர் கையில் மகனைப் பிடித்த பிடி ஒன்றுதான் இருந்தது.

சாப்பாட்டு மேஜை அருகே தேவாலயத்து அம்மாமார் கரண்டியும் கையுமாக நின்றார்கள். இரண்டு அடிக்கு ஒருதரம் பேன்ட் வழுக்கியது. இடக்கை ஒன்றால் அந்த வயிற்றைச் சமாளிக்க முடியவில்லை.

"ரெண்டு கையாலயும் பிடிப்பா," என்றான் கோல்பி மெதுவாக. "எல்லாரும் பாக்கறாங்க. நான் ஓடிட மாட்டேன்."

"விழுந்தா விழட்டும்," என்றார் வெண்டல். பிடித்த கையை விடவில்லை.